வயிற்றுக் கோளாறு என்னும் பெயரில்: சினைப்பைப் புற்றுநோய் அறியப்பட்ட வரலாறு



தமிழ்மொழியைப் பேணுவதற்கென அமைந்த மேடையில் ஒரு நோயைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்ற வினா சிலருக்கு எழலாம். நோயறிதல் பெரும்பாலும் ஒரு சொல்லில்தான் தொடங்குகிறது என்பதே என் விடை. நோயாளி தம் உடலில் உணர்வதை ஒரு சொல்லால் உரைக்கிறார். மருத்துவர் அச்சொல்லைக் கேட்டே எங்கே தேடுவது என்று முடிவு செய்கிறார். அச்சொல் பொதுச்சொல்லாக இருந்தால் தேடலும் பொதுவாகவே அமையும். பெண்களைத் தாக்கும் புற்றுநோய்களுள் சினைப்பைப் புற்றுநோய் இவ்வகையில் பெரிதும் ஏமாற்றுவது. அதன் வரலாறு முழுவதும் வேறொன்றாகத் தவறாகப் பெயரிடப்பட்ட வரலாறு. அவ்வரலாற்றையும், அது இன்று நமக்கு உணர்த்துவதையும் இங்கே முறையாகக் காண்போம்.

பெயர்களும் குழப்பமும்

பெண்ணின் கருப்பைக்கு இருபுறமும் பாதாம் கொட்டை அளவில் அமைந்த இரண்டு உறுப்புகளே சினைப்பைகள். சினைமுட்டையை உருவாக்குவதும் பெண்மைக்குரிய இயக்குநீர்களைச் சுரப்பதும் அவற்றின் பணி. இவ்வுறுப்பை இலங்கைத் தமிழர் சூலகம் என்பர். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் அண்டகம் என்ற சொல் வழங்குகிறது. சினை, சூல் இரண்டும் பழந்தமிழ்ச் சொற்களே. சூல்கொண்ட மேகம் என்றும் சினைப்பசு என்றும் இன்றும் சொல்கிறோம். ஆகவே நம் மொழியில் சொல் இல்லாத குறை இல்லை.

மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிக்க இயலும் என்பதும் ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே மெய்ப்பிக்கப்பட்டது. 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மருத்துவப் பள்ளி நடத்தித் தமிழ் மாணவர்களைத் தமிழிலேயே மருத்துவர்களாக்கினார். மகப்பேற்று மருத்துவம், அறுவை மருத்துவம், உடற்கூற்றியல் ஆகிய துறைகளின் நூல்கள் அவர் முயற்சியால் தமிழில் அச்சேறின. 1872-இல் வெளிவந்த ‘மனுஷ அங்காதிபாதம்’ அவற்றுள் ஒன்று.

இத்தனை இருந்தும், அன்றாடப் பேச்சில் நாம் பயன்படுத்துவது ‘கர்ப்பப்பை’ என்ற ஒரே சொல்தான். கருப்பை வாயில் தோன்றும் புற்று, கருப்பையின் உட்சுவரில் தோன்றும் புற்று, சினைப்பையில் தோன்றும் புற்று ஆகிய மூன்றும் ‘கர்ப்பப்பைப் புற்று’ ஆகிவிடுகின்றன. இதனால் விளையும் தீங்கு சிறிதன்று. பேப் ஸ்மியர் சோதனையும் இப்போது அதன் இடத்தைப் பிடித்துவரும் எச்.பி.வி. சோதனையும் கருப்பை வாய்ப் புற்றைத் தடுப்பதற்குரியவை. அவை சினைப்பையைச் சோதிப்பதில்லை. ‘சோதனை செய்தேன், எல்லாம் சரியாக இருக்கிறது’ என்று ஓர் அம்மையார் நம்பியிருக்க, சோதிக்கப்படாத உறுப்பில் நோய் வளர்ந்துகொண்டிருக்கக்கூடும். சொல்லில் நேர்ந்த குழப்பம் இங்கே உயிர்க்கே கேடாகிறது.

கருவுற்றவர் என்று எண்ணப்பட்ட பெண்மணி

சினைப்பை நோய்க்கு மருத்துவம் உண்டு என்பதை உலகுக்கு முதலில் காட்டிய நிகழ்ச்சியும் தவறான பெயரிலேயே தொடங்கியது. 1809-ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் ஜேன் டாட் கிராஃபோர்டு என்ற பெண்மணியின் வயிறு மிகப் பெருத்திருந்தது. அவர் இரட்டைக் குழந்தைகளைச் சுமக்கிறார் என்றும் பேறுகாலம் கடந்துவிட்டது என்றும் உள்ளூர் மருத்துவர்கள் கருதினர். அழைத்துவரப்பட்ட எஃப்ரைம் மெக்டவல் என்ற மருத்துவர் ஆராய்ந்து, இது கருவன்று, சினைப்பையில் வளர்ந்த கட்டி என்று கூறினார். வயிற்றைத் திறந்து கட்டியை அகற்றிப் பிழைத்தவர் அதுவரை எவருமில்லை என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

கிராஃபோர்டு இசைந்தார். ஏறத்தாழ 60 மைல் தொலைவைக் குதிரை மீதே கடந்து டான்வில் ஊரில் இருந்த மருத்துவரின் இல்லத்தை அடைந்தார். மயக்க மருந்து அறியப்படாத காலம் அது. 25 நிமிடங்களில் அறுவை முடிந்தது. அகற்றப்பட்ட கட்டியின் எடை 10 கிலோகிராமுக்கு மேல். ஐந்தாம் நாள் மருத்துவர் சென்று பார்த்தபோது அவர் எழுந்து தம் படுக்கையைத் தாமே சரிசெய்துகொண்டிருந்தார். அதன்பின் 32 ஆண்டுகள் வாழ்ந்தார். அந்தக் கட்டி புற்றுத்தன்மை அற்றதாகவே இருந்திருக்க வேண்டும். புற்றாக இருந்திருப்பின் அத்தனை ஆண்டுகள் வாழ்ந்திருக்க இயலாது. எனினும் வயிறு பெருத்ததற்கு உரிய காரணத்தைச் சரியாகப் பெயரிட்டு உரைத்த மருத்துவராலேயே அவர் உயிர் பிழைத்தார் என்பது கருதத்தக்கது.

ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு கழிந்து, மருத்துவம் பெரிதும் வளர்ந்த பின்னரும் இந்நோய் எளிதில் பிடிபடவில்லை. மரபணுவின் வடிவத்தைக் கண்டறிய உதவிய ஊடுகதிர்ப் படங்களை எடுத்த அறிவியலறிஞர் ரோசலிண்ட் பிராங்ளின், 1956-இல் அமெரிக்கப் பயணத்தின்போது வயிறு வீங்கி ஆடையின் இடுப்பு பொருந்தாமற்போனதை உணர்ந்தார். அவ்வாண்டு செப்டம்பரில் அறுவை செய்தபோது கட்டிகள் காணப்பட்டன. 1958 ஏப்ரல் 16 அன்று, 37 வயதில் சினைப்பைப் புற்றுநோயால் அவர் மறைந்தார்.

சென்னையில் எழுந்த மருத்துவமனை

தமிழர் வரலாற்றிலும் இதையொத்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்து, 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்ற முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை சுந்தராம்பாள் கடும் வயிற்று நோயால் துன்புற்றார். அது முதலில் சீதபேதி என்றே கருதப்பட்டது. குடலில் தோன்றிய புற்று என்று தெரியவந்தபோது காலம் கடந்திருந்தது. 1923-இல் அவர் மறைந்தார். அந்நோய் சினைப்பையில் தோன்றியதன்று. ஆனால் மருத்துவர் ஒருவரின் சொந்த வீட்டிலேயே வயிற்றுப் புற்று பொதுவான வயிற்று நோயின் பெயரில் மறைந்திருந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

அத்துயரமே புற்றுநோய்க்கெனத் தனி மருத்துவமனை வேண்டும் என்ற உறுதியை முத்துலட்சுமி அம்மையாரிடம் விதைத்தது. 1935-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில் அக்கருத்தை அவர் முன்வைத்தார். புற்றுநோயாளர் எப்படியும் இறக்கத்தான் போகிறார், அவருக்கு மருத்துவமனை எதற்கு என்ற எண்ணம் ஆட்சியாளரிடமும் நிலவிய காலம் அது. இந்திய மாதர் சங்கத்தின் துணையுடன் நிதி திரட்டி, 1952-இல் நேருவால் அடிக்கல் நாட்டப்பெற்று, 1954 ஜூன் 18 அன்று 12 படுக்கைகளுடன் அடையாறு புற்றுநோய் நிலையம் தொடங்கியது.

மறு ஆண்டே அங்கு வந்து சேர்ந்தவர் மருத்துவர் வி. சாந்தா. மகளிர் நோய் மருத்துவத்தில் உயர்பட்டம் பெற்றவர் அவர். அரசுப் பெண்கள் மருத்துவமனையில் கிடைத்த பணியை விடுத்து, முத்துலட்சுமியின் மகன் மருத்துவர் கிருஷ்ணமூர்த்தியுடன் இணைந்து அச்சிறு நிலையத்தை உலகறிந்த நிறுவனமாக வளர்த்தார். 2021 ஜனவரி 19 அன்று மறையும்வரை அதுவே அவர் வாழ்வாக இருந்தது. நோயை முன்னரே அறிய வேண்டும், அறிந்ததைப் பதிவுசெய்ய வேண்டும் என்பதே அவர் ஓயாது வற்புறுத்திய கருத்து. சென்னை மாநகரின் புற்றுநோய்ப் பதிவேடு 1982 முதல் அந்நிலையத்தில் நடந்துவருகிறது. எந்த நோய் எத்தனை பேரை, எந்த வயதில் தாக்குகிறது என்பதை எண்ணிச் சொல்லாதவரை அந்நோய் அரசின் கண்ணுக்குத் தெரிவதில்லை.

மௌனமான நோயா?

சினைப்பைப் புற்றுநோயை ‘ஓசையின்றிக் கொல்லும் நோய்’ என்று மருத்துவ நூல்கள் நெடுங்காலம் எழுதிவந்தன. தொடக்கத்தில் அறிகுறி எதுவும் இராது, முற்றிய பின்னரே தெரியும் என்பது அதன் பொருள். இக்கூற்றை முதலில் மறுத்தவர்கள் நோயாளிகளே. அமெரிக்காவில் செவிலியாகவும் நோயாளியாகவும் இருந்த சிண்டி மெலன்சன் என்பவர் இந்நோயுற்ற பெண்களுக்காக ஒரு செய்திமடல் நடத்தினார். தங்களுக்கு அறிகுறிகள் இருந்தன, சொன்னோம், யாரும் பொருட்படுத்தவில்லை என்று பலர் அதற்கு எழுதினர். மருத்துவர் பார்பரா காஃப் அவருடன் இணைந்து அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,725 பெண்களிடம் வினவினார். நோய் உறுதிப்படுவதற்கு முன்பே அறிகுறிகள் இருந்தன என்று அவர்களுள் 95 விழுக்காட்டினர் கூறினர். 2000-ஆம் ஆண்டில் இம்முடிவு வெளியாயிற்று.

அந்த அறிகுறிகள் பெரும்பாலும் மகளிர் நோய்க்குரியனவாகத் தோன்றாமையே இடர்ப்பாடு. அடுத்து நடந்த ஆய்வுகளின் வழி 2007-இல் நான்கு வகை அறிகுறிகள் வரையறுக்கப்பட்டன.

ஒன்று, வயிறு உப்புதல் அல்லது பருத்தல். இரண்டு, அடிவயிற்றிலோ வயிற்றிலோ வலி. மூன்று, சிறிது உண்டவுடன் வயிறு நிறைந்துவிடுதல் அல்லது உண்ண இயலாமை. நான்கு, அடிக்கடி சிறுநீர் கழிக்க வேண்டியிருத்தல், அதை அடக்க முடியாமை.

இவை யாருக்குத்தான் வருவதில்லை என்று கேட்கலாம். வேறுபாடு அவற்றின் போக்கில் உள்ளது. முன்பு இல்லாமல் ஓராண்டுக்குள் புதிதாகத் தோன்றியிருத்தல், மாதத்தில் 12 நாள்களுக்கு மேல் நீடித்தல் ஆகிய இரண்டும் சேர்ந்தால் ஆராய வேண்டும் என்பது அந்த வரையறை. பிரிட்டனின் 2011-ஆம் ஆண்டு வழிகாட்டி இன்னொன்றையும் வற்புறுத்துகிறது. 50 வயதுக்கு மேற்பட்ட பெண்ணுக்கு எரிச்சல் குடல் நோய் முதன்முறையாகத் தோன்றுவது அரிது. ஆகவே அவ்வயதில் அத்தகைய தொல்லை புதிதாக வந்தால் சினைப்பையையும் சோதித்தல் வேண்டும். மாதவிடாய் நின்ற பின் ஏற்படும் உதிரப்போக்கும் உடனே மருத்துவரிடம் சொல்லத்தக்கது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. இவ்வறிகுறிகள் உடைய பெண்களுள் மிகப் பெரும்பாலோர்க்குப் புற்றுநோய் இராது. அஞ்சுவதற்காக இவற்றைச் சொல்லவில்லை. எத்தனை நாளாக, எத்தனை முறை என்று கணக்கிட்டு மருத்துவரிடம் சொல்வதற்காகவே சொல்கிறோம்.

சோதனைகளின் வரலாறு

நோய் சினைப்பையோடு நிற்கும்போது கண்டறியப்பட்டால் பத்தில் ஒன்பது பேர் ஐந்தாண்டுகளுக்கு மேல் வாழ்கின்றனர். உடலில் தொலைவாகப் பரவிய பின் கண்டறியப்பட்டால் ஏறத்தாழ மூவரே அந்நிலையை எட்டுகின்றனர். இவை அமெரிக்கப் பதிவேடுகள் காட்டும் அளவுகள். ஆகவே, நலமாக இருக்கும் பெண்கள் எல்லாரையும் ஆண்டுதோறும் சோதித்துவிட்டால் என்ன என்ற எண்ணம் இயல்பாகவே எழுந்தது.

1981-இல் ராபர்ட் பாஸ்ட் என்ற அமெரிக்க மருத்துவரும் அவர் குழுவினரும் சினைப்பைப் புற்றணுக்களில் மிகுதியாகக் காணப்படும் ஒரு பொருளை அடையாளம் காண வழிகண்டனர். சி.ஏ. 125 என்று அது பெயர் பெற்றது. இரத்தத்தில் அதன் அளவைக் கணிக்கலாம். ஸ்கேன் எனப்படும் மீயொலிச் சோதனையும் அக்காலத்தில் வளர்ந்தது. இவ்விரண்டையும் கொண்டு பிரிட்டனில் 50 முதல் 74 வயதுவரையுள்ள 2,02,638 பெண்களிடம் மாபெரும் ஆய்வு நடந்தது. 2001 முதல் 2005 வரை பெண்கள் சேர்க்கப்பட்டனர். பேராசிரியர் உஷா மேனன் தலைமையில் 2021-இல் இறுதி முடிவு வெளியாயிற்று. இரத்தச் சோதனையை அடிப்படையாகக் கொண்ட பிரிவில் தொடக்க நிலைப் புற்றுகள் கூடுதலாகக் கண்டறியப்பட்டன. ஆயினும் இறப்பு குறையவில்லை.

இம்முடிவு பலருக்கு ஏமாற்றம் தந்தது. ஆனால் அறிவியலின் நேர்மைக்கு இது நல்ல சான்று. சோதனை ஒன்று நோயைக் காட்டினால் மட்டும் போதாது, அதனால் உயிர் காக்கப்படுகிறதா என்பதையும் காட்ட வேண்டும். அறிகுறியும் குடும்ப வரலாறும் இல்லாத பெண்களுக்கு ஆண்டுதோறும் சி.ஏ. 125 சோதனை செய்வதை இன்று மருத்துவ உலகம் பரிந்துரைப்பதில்லை. மாதவிடாய்க் காலத்திலும், கருப்பை உட்சவ்வு வெளியே வளரும் நோயிலும், வயிற்றுக் காசநோயிலும் அந்த அளவு உயரும். காசநோய் மிகுந்த நம் நாடுகளில் இது நினைவிற்கொள்ள வேண்டியது. மறுதலையாக, தொடக்க நிலைப் புற்றுள்ள சிலருக்கு அது உயராமலும் இருக்கலாம்.

அறிகுறி உள்ள பெண்ணிடம் நிலைமை வேறு. அவருக்கு முதலில் உடலைத் தொட்டு ஆராய்தல், பின்னர் இரத்தச் சோதனையும் ஸ்கேனும் என்ற முறை பின்பற்றப்படுகிறது. ஸ்கேனின் தோற்றம், சி.ஏ. 125 அளவு, மாதவிடாய் நின்றதா என்ற செய்தி ஆகிய மூன்றையும் இணைத்து இடரைக் கணிக்கும் முறை 1990-இல் வகுக்கப்பட்டது. ஐயம் வலுத்தால் மகளிர் புற்றுநோய் அறுவையில் தனிப்பயிற்சி பெற்ற மருத்துவரிடம் அனுப்புகின்றனர். இறுதி உறுதி, அகற்றப்பட்ட திசுவை நுண்ணோக்கியில் கண்ட பின்னரே கிடைக்கும்.

யாருக்கு இடர் மிகுதி?

எல்லாரையும் சோதிக்க வழியில்லை எனில், இடர் மிகுந்தவர் யார் என்பதை அறிவது இன்றியமையாதது. வயது முதன்மையான காரணம். மாதவிடாய் நின்ற பின்னரே பெரும்பாலோர்க்கு இந்நோய் வருகிறது.

1971-இல் எகிப்திய மருத்துவர் மஹ்மூத் ஃபதல்லா ஒரு கருத்தை முன்வைத்தார். ஒவ்வொரு மாதமும் சினைமுட்டை வெளிப்படும்போது சினைப்பையின் மேற்பரப்பு கிழிந்து ஆறுகிறது, இடைவிடாத இந்நிகழ்வே இடரைக் கூட்டுகிறது என்றார். பேறுகாலம், பாலூட்டுதல், கருத்தடை மாத்திரை ஆகியவை சினைமுட்டை வெளிப்பாட்டை நிறுத்தி இடரைக் குறைக்கின்றன என்பது பின்னர் பல ஆய்வுகளில் உறுதியானது. நோய்க்கான முழு விளக்கம் அதுவன்று. இந்நோயின் மிகப் பரவலான வகை கருக்குழாயின் நுனியிலேயே தொடங்குகிறது என்பதை இந்நூற்றாண்டின் ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆயினும் பாட்டி எட்டுப் பிள்ளைகளையும் பேத்தி ஒரு பிள்ளையையும் பெறும் குடும்பங்களில் இருவர் இடரும் ஒன்றன்று. இது யாரையும் குறைகூறுவதற்கு உரியதன்று. காலம் மாறும்போது நோயின் போக்கும் மாறுகிறது என்பதே இதன் பொருள்.

அடுத்தது பரம்பரை. 1990-இல் மேரி கிளேர் கிங் என்ற அமெரிக்க அறிஞர், மார்பகப் புற்று பரம்பரையாக வருவதற்குக் காரணமான மரபணு 17-ஆம் நிறப்புரியில் இருப்பதைக் காட்டினார். பி.ஆர்.சி.ஏ. 1 என்ற அம்மரபணு 1994-இலும் பி.ஆர்.சி.ஏ. 2 மறு ஆண்டிலும் அடையாளம் காணப்பட்டன. பொதுவாக நூறு பெண்களுள் ஒருவர் அல்லது இருவர்க்கே வாழ்நாளில் சினைப்பைப் புற்று வரும். முதல் மரபணுவில் பிழையுடையோர்க்கு அது நூற்றுக்கு நாற்பதை ஒட்டியும் இரண்டாவதில் பிழையுடையோர்க்கு நூற்றுக்கு இருபதை ஒட்டியும் உயர்கிறது. இத்தகையோர் குழந்தைப்பேறு முடிந்தபின் சினைப்பைகளையும் கருக்குழாய்களையும் அகற்றிக்கொள்வது அவ்விடரைப் பெரிதும் குறைக்கும்.

இம்மரபணுக்கள் தாய்வழியில் மட்டும் வருவதில்லை. தந்தைவழியிலும் வரும். அத்தைக்கு வந்த நோயை ‘அது அப்பா வீட்டுப் பக்கம்’ என்று ஒதுக்குதல் பிழை.

பினாங்கில் நம் நிலை

இனி நம் மாநிலத்துக்கு வருவோம். மலேசியாவில் மக்கள்தொகை அடிப்படையிலான புற்றுநோய்ப் பதிவேட்டை முதலில் தொடங்கிய இடங்களுள் பினாங்கு ஒன்று. 1994 முதல் அப்பதிவேடு நடந்துவருகிறது. நாடு தழுவிய பதிவேட்டின் 2007 முதல் 2011 வரையிலான அறிக்கையில், மலேசியப் பெண்களின் புற்றுநோய்களுள் சினைப்பைப் புற்று நான்காம் இடத்தில் இருந்தது. பொது மருத்துவமனை ரெசிடென்சி சாலையில் இருக்கிறது. கத்தோலிக்க அருட்சகோதரியர் 1976-இல் நிறுவிய மவுண்ட் மிரியம் புற்றுநோய் மருத்துவமனையும் இத்தீவிலேயே உள்ளது. ஆகவே மருத்துவம் நமக்குத் தொலைவில் இல்லை. அம்மருத்துவத்தை நோக்கி எடுத்துவைக்கும் முதல் அடிதான் தாமதமாகிறது.

சுங்கை பினாங் அடுக்குமாடி வீடொன்றில் வாழும் 55 வயது அம்மையார் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். வயிறு உப்புகிறது. ‘வாயு’ என்கிறார். அண்டைவீட்டு மலாய்த் தோழி ‘அங்கின்’ என்கிறார். இரண்டுக்கும் பொருள் காற்றே. தைலம் தேய்க்கப்படுகிறது, ஓமநீர் குடிக்கப்படுகிறது, வயிற்றுப்புண் மாத்திரை வாங்கப்படுகிறது. சோறு குறைந்ததும் பாவாடை இறுகியதும் வயதின் விளைவு என்று விளங்கிக்கொள்ளப்படுகின்றன. கிளினிக்கில் ஆண் மருத்துவரிடம் ‘கேஸ்’ என்று மட்டும் சொல்லித் திரும்புகிறார். இந்நிகழ்ச்சியில் பொய் சொன்னவர் யாருமில்லை. ஆயினும் பயன்பட்ட ஒவ்வொரு சொல்லும் நோயைச் சற்று மறைத்தது.

குடும்ப நினைவிலும் இதே நிலைதான். நம்முள் பலருடைய பாட்டிமார் தோட்டங்களில் வாழ்ந்தவர்கள். அங்கே நோயைக் கேட்டறிந்தவர் பெரும்பாலும் ஆண் டிரசர். அவரிடம் சொல்லக் கூசிய நோய்கள் பல. ‘வயிற்று நோவில் போனார்’, ‘கட்டி வந்து இறந்தார்’ என்ற அளவிலேயே பல இறப்புகள் குடும்ப நினைவில் தங்கியிருக்கின்றன. இன்று மரபணு ஆலோசகர் முதலில் கேட்பது குடும்பத்தில் யார் எவருக்கு, எந்த வயதில், எந்தப் புற்று வந்தது என்பதையே. பெயரிடப்படாத இறப்புகளைக் கொண்டு அவ்வினாவுக்கு விடை கூற இயலாது.

இதில் பள்ளிக்கூடம் செய்யத்தக்கது உண்டு. உடலுறுப்புகளின் பெயரைக் கூச்சமின்றிச் சரியாகச் சொல்லப் பழக்கலாம். கருப்பை, கருப்பை வாய், கருக்குழாய், சினைப்பை என்று நான்கையும் பிரித்தறியச் செய்யலாம். குடும்ப மரம் வரையும் பயிற்சி நம் பாடங்களில் உண்டு. மூத்த மாணவர்கள், பெற்றோர் இசைவுடன், அம்மரத்தில் இருவழி உறவினருக்கும் வந்த நோயையும் வயதையும் குறித்து வீட்டில் வைத்துக்கொள்ளலாம். அதை வகுப்பில் காட்ட வேண்டியதில்லை. வீட்டில் ஒரு தாளில் இருந்தாலே போதும்.

வயிற்றுத் தொல்லையுடன் மருத்துவரிடம் செல்லும் அம்மாவுடன் பிள்ளைகள் செல்வதும் நம் வழக்கமே. மலாயில் பெயர்த்துச் சொல்லும் பொறுப்பு பெரும்பாலும் அவர்களுடையது. அப்போது ‘வயிறு சரியில்லை’ என்பதோடு நில்லாமல், எப்போது தொடங்கியது, மாதத்தில் எத்தனை நாள், உண்ணும் அளவு குறைந்ததா, சிறுநீர் அடிக்கடி வருகிறதா, அத்தைக்கோ பெரியம்மாவுக்கோ சித்திக்கோ மார்பகத்திலோ சினைப்பையிலோ புற்று இருந்ததா என்று அவர்கள் எடுத்துச் சொல்லட்டும். இரண்டு வாரம் கழித்தும் தொல்லை நீங்காவிட்டால் மீண்டும் சென்று, ‘சினைப்பையையும் பார்க்க வேண்டுமா?’ என்று மருத்துவரைக் கேட்கட்டும். அவ்வினாவைக் கேட்பதற்கு வேண்டிய சொற்கள் தமிழிலும் உள, மலாயிலும் உள. அவற்றைப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பது மொழியாசிரியரின் பணிக்கு உட்பட்டதே.